எங்கள் திராட்சைக் கொடியை வெட்டியது யார்?

திராட்சைக் கொடியின் இளஞ்சுருளைக் கிள்ளி மென்றால் பல் கூசும்படி புளிக்கும். தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது என்பதால் பின்புறம் கொஞ்சம் கூடுதலாக மண் கிடைத்திருந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் கொடுத்த ஒரு திராட்சைத் தடியை அங்கே நட்டு, பந்தல் போட்டு, கொழுந்து பறித்த களைப்போடும் தினமும் தண்ணீர் ஊற்றி அம்மா வளர்த்தார். இரண்டு வருடத்தில் கொடி பக்கத்து வீட்டுக் கூரை வரை படர்ந்தது. பழம்தான் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஓர் இலையைக் கிள்ளவும் அம்மா யாரையும் விடமாட்டார்; நான் சுருள் தின்றதெல்லாம் திருட்டுத்தனமாகத்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பந்தல் மொட்டையாக நின்றது. நாலைந்து கட்டைக் கிளைகளைத் தவிர எல்லாம் போயிருந்தன. மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா அழவில்லை. ஒவ்வொரு வெட்டுவாயையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"சாய்வா, ஒரே வெட்டு. இது 'கவ்வாத்து'க் கைதான்."

தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். பக்கத்து வீட்டு முத்தம்மா பெரியம்மாவின் கணவர் கவ்வாத்துக்காரர். மத்தியானமே வேலை முடிந்து வந்துவிடுவார். கொடி தங்கள் வெயிலை மறைப்பதாகப் பெரியம்மா ஒருமுறை குறைப்பட்டதும் உண்டு. இவையெல்லாம் போதாதென்று, நான் வேவு பார்க்கப் போய், அவர்கள் அடுப்பருகே எங்கள் கொடியின் தடிகள் உலரப் போட்டிருந்ததைக் கண்டுவந்து சொன்னேன்.

"கானில கெடந்திச்சு, வெறகுக்குப் பொறுக்கினேன் தங்கச்சி" என்றார் பெரியம்மா, லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடையைக் காட்டி.

"கானுக்குத் தானாவே நடந்து போச்சாக்கும்!" என்றார் அம்மா.

அத்தோடு பேச்சு நின்றது. பெரியம்மா வீட்டில் இருமல் கேட்டாலும், கதவு சாத்தினாலும், அதில் ஏதோ திட்டம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் அம்மா ஜாடை பேசினார். அப்பாவும் கவ்வாத்துக்காரர்தான் என்பது எங்கள் இருவருக்கும் ஏனோ தோன்றவேயில்லை. அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

கட்டைக் கிளைகள் துளிர்த்துப் பூத்தன. நாலாவது மாதம் பதினொரு குலைகள் கறுத்துத் தொங்கின. பார்க்க வந்த டாக்டர் அப்பாவின் தோளைத் தட்டினார்.

"பாத்தீரோ செல்லையா, நான் சொன்ன மாதிரி வெட்டினபடியால்தானே காய்ச்சிருக்கு! புதுக் கிளையிலதான் பூ வரும்."

அவர் போனதும் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னா நீ வெட்ட விட்டிருப்பியா?" என்று அப்பாவே ஆரம்பித்தார்.

"வெட்டினதுக்கு இல்லீங்க. நாலு மாசமா அந்த அக்காவ நான் ஏசுறதக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அம்மா ஆகப் பெரிய குலையை அறுத்து எடுத்துக்கொண்டு, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். "தப்புப் பண்ணிட்டேங்க்கா" என்று அவர் சொன்னபோது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா குலையை இரண்டு கையாலும் வாங்கி, முதல் பழத்தை என் வாயில் வைத்தார். மறுபடி பேச்சு வந்தது, கறிக் கிண்ணங்களும் வந்து போயின.

போன மாதம், இப்போது நான் இருக்கும் பதுளையிலிருந்து அம்மாவைப் பார்க்க லயத்துக்குப் போயிருந்தேன். பந்தல் இருந்த இடத்தில் இப்போது அடுப்போடு ஒரு குசினி. அப்பா உயிரோடு இல்லை, டாக்டரும் எங்கோ மாறிப் போய்விட்டார். வாசலில் கிழவியாகிவிட்ட பெரியம்மாவைக் கண்டு உள்ளே வரச் சொன்னேன்.

"அம்மா இருக்குதா?"

"கடைக்குப் போயிருக்காங்க. வாங்க, உக்காருங்க."

"வரட்டும்மா. அம்மா வந்தப்புறம் வாறேன்" என்றார். கொடி வெட்டுப்பட்ட அந்த நாளுக்குப் பிறகு, அம்மா இல்லாத நேரத்தில் அவர் எங்கள் வாசற்படியைத் தாண்டியதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.