நாவல்பழ ஒயினும் நைனாவின் கையும்

மாமல்லபுரத்தில் ஒரு சின்ன விடுதி. அதன் முதலாளிக்கு மதுபான உரிமம் இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் கேட்கும் வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பிரான்சில் வெயில் காலத்தில் சிவப்பு ஒயினில் ஐஸும் பழத்துண்டும் போட்டுக் குடிப்பார்களாம். அதே நிறம், அதே துவர்ப்பு, போதை மட்டும் கூடாது. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, மெனு அட்டைக்குப் படமும் எடுத்துத் தர வேண்டும் என்றார். சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த எனக்கு அதுதான் முதல் பெரிய வேலை. ஒயினை மோந்துகூடப் பார்த்ததில்லை. துணிந்தவளுக்குத் துக்கமில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுச் சமையலறைதான் சோதனைச்சாலை. பீட்ரூட் சாறு பொரியல் தண்ணீராக நாறியது. ரோஸ் சிரப் திருவிழா சர்பத்தாகிவிட்டது. கடைசியில் நாவல்பழத்தைப் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டு, பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷனை ஆறவைத்து ஊற்றினேன். நிறமும் துவர்ப்பும் வந்துவிட்டன. ஊறட்டும் என்று பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அந்தக் கலரு என் ஃப்ரிட்ஜுக்குள்ள வரக்கூடாது. உங்க நைனா கண்ணுல படவே கூடாது."

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. நைனா குடியை விட்டுப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் இருபது வருடம், கிடைத்ததையெல்லாம் குடித்த மனுஷன். விட்டபின் முதல் மாதம் அவர் பட்ட பாட்டை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். பாட்டிலை என் கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் ஒளித்து வைத்தேன். ஆனி மாத வெயிலில் அந்த அறை இட்லிப் பானை.

படம் எடுக்கும் அன்று, கிளாஸைப் பிடித்துக்கொள்ள வருவதாகச் சொன்ன தோழி வயிற்றுவலி என்று கவிழ்த்துவிட்டாள். நைனா வண்டிச் சாவியை எடுத்தார்.

"கைதான வேணும் பாப்பா? எங்கிட்ட ரெண்டு கீது."

அம்மாவிடம் திருக்கழுக்குன்றம் கோயிலுக்கு என்று சொன்னோம். வழியில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதால் அது பாதிப் பொய்தான்.

கடற்கரைச் சவுக்கு நிழலில் பாட்டிலைத் திறந்தேன். மூடி டப்பென்று பறந்தது. ஊற்றினால் நுரை வேறு கட்டியது. படத்துக்கு நல்லது என்று எனக்கு ஒரே குஷி. கிளாஸின் வெளிப்பக்கம் கிளிசரினைத் தெளித்து ஜில்லென்று இருப்பதுபோல் துளிகள் வைத்தேன். நைனா வாங்கிப் பிடித்தார்.

"ஆடாத நைனா. இன்னும் கொஞ்சம் மூஞ்சாண்ட தூக்கு."

நான்தான் சொன்னேன், அறிவுகெட்டவள். மேலே, கீழே, கடல் பக்கம், வெயில் பக்கம் என்று அரைமணி நேரம் அவரைப் படுத்தி எடுத்தேன். லென்ஸில் கையும் கிளாஸும் மட்டும்தான் தெரிந்தன. கேமராவை இறக்கியபிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிது. குடி நைனா, வெறும் நாவப்பழம்தான்."

அவர் கிளாஸை மணலில் கவிழ்த்தார். பிறகு பாட்டிலையும் எடுத்துக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார்.

"நீ ஒயினு மாரி பண்ணல பாப்பா. ஒயினே பண்ணிட்ட. நல்லா புளிச்சிப் பொங்கிக்கீது."

எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"எப்பத் தெரிஞ்சிது?"

"மூடி டப்புன்னு பறந்தப்பவே."

"அப்பவே கீழ வெக்க வேண்டியதுதான?"

நைனா விரல்களை வேட்டியில் அழுத்தித் துடைத்தார்.

"நீ படம் புடிச்சிகினு இருந்தியே."