வெள்ளச்சிக்குச் சொன்ன சமையல்

என் அப்பா சோறு பொங்கக் கற்றுக்கொண்டது ஓர் ஆட்டின் தயவில். இதைச் சொன்னால் என் புகுந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை. நான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறேன் என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் நடந்தது அதுதான். ஆட்டின் பெயர் வெள்ளச்சி. பெரியப்பா வீட்டு ஆடு.

திருச்சுழிக்குப் போகும் பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. பாகம் பிரித்தபோது கொல்லையின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. சுவரோடு போயிருந்தால் பரவாயில்லை. காட்டில் வரப்பு யார் பக்கம் நகர்ந்தது என்று அண்ணன் தம்பிக்குள் ஒரு பேச்சு வந்து, அது தடித்து, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சுவார்த்தை கிடையாது என்றால் நேருக்கு நேர் கிடையாது, அவ்வளவுதான். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் பெரியம்மாவும் சாடை பேசிக்கொள்ளாத நாளே இல்லை. அம்மா எங்கள் கோழிகளைத் திட்டுவாள். பெரியம்மா சுவரோரம் வேம்பில் கட்டியிருக்கும் வெள்ளச்சியைத் திட்டுவாள். "அடுத்தவுக வெள்ளாமையில வாய வைக்கிறதுக்குன்னே பொறந்திருக்கியே, நீ உருப்படுவியா?" என்று அங்கே கேட்டால், இங்கே முட்டையிடும் கோழி ஒன்று தன் குலம் கோத்திரம் எல்லாம் நாறும்படி வாங்கிக் கட்டிக்கொள்ளும். திட்டு யாருக்கு என்று ஊருக்கே தெரியும். ஆட்டுக்கும் கோழிக்கும்தான் தெரியாது.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சித்தி கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அப்பா ஆபரேஷன் அன்றைக்குப் போய் இருந்துவிட்டு வந்துவிட்டார். ஐப்பசி மாதம். மழை விழ ஆரம்பித்திருந்தது. விதைப்பை விட முடியாது. வீட்டில் நானும் தம்பியும் இருந்தோம்.

அப்பாவுக்குச் சமையல் என்றால் தட்டு வைத்ததும் வந்து சேரும் ஒன்று. முதலில் இரண்டு நாள் திருச்சுழியிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தார். தம்பி அம்மா சோறு வேண்டும் என்று அழுதான். அப்பா கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பு கொஞ்சம் நீலமாக எரிந்து, பிறகு மஞ்சளாகி, அணைந்து போனது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிந்து வைத்தும் வரவில்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்தார். அன்றைய சோறு அடியில் கரிந்து, மேலே அரிசியாகவே இருந்தது. கரிந்த வாடை சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலை நான் பல் விளக்கப் போனபோது சுவரின் மேல் பழைய சேலைத் துணியில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்துப் பார்த்தால் ரைஸ் குக்கர். பெரியப்பா மகன், திருப்பூரில் கம்பெனியில் இருந்த அண்ணன், தன் அம்மாவுக்கு அனுப்பியது. எங்கள் தெருவில் அப்படி ஒன்று அதுதான் முதல். வெள்ளை நிறம், கண்ணாடி மூடி, உள்ளே ஆவியில் அவிக்க ஓட்டை போட்ட தட்டு.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். தொடவில்லை.

"இருந்த எடத்துலயே இருக்கட்டும் தாயி" என்று திரும்பினார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் குரல் கேட்டது. சண்டைக்கு எடுக்கும் அதே குரல்தான்.

"ஏட்டி வெள்ளச்சி! நல்லாக் கேட்டுக்கோ. அரிசியக் களைஞ்சு ஊறப்போடணும். ரேசன் அரிசின்னா ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி. சட்டியோட அடிப்பக்கத்த ஈரமில்லாமத் தொடச்சுட்டு உள்ள வைக்கணும். சுவிச்சத் தட்டிட்டுச் சும்மா இருக்கணும். மூடியத் தெறந்து தெறந்து பாக்கக் கூடாது. வெந்ததும் அதுவே டக்குன்னு நிக்கும். புரிஞ்சுதா?"

வெள்ளச்சி வேப்பந்தழையைக் கடித்துக்கொண்டு நின்றது.

அப்பா என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார். "ஆட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"நமக்குத்தாம்பா சொல்றாக."

உள்ளேயிருந்து தம்பி பசிக்கிறது என்றான். அப்பா கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குக்கரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே குரல் வந்தது. "மத்தியானம் அவுக காட்டுலருந்து வாரதுக்குள்ள அது அது எடத்துக்கு வந்து சேரணும். அம்புட்டுத்தேன்."

அவுக என்றால் பெரியப்பா. அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாக நிறையக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு அப்பா சுவிட்சைத் தட்டிவிட்டுக் குக்கருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் ஊரில் கரண்டு வந்தாலும் பாதிக் கரண்டுதான் வரும், பல்பு முட்டை மஞ்சள்கருவைப் போல் எரியும். குக்கர் மெதுவாகத்தான் கொதித்தது. அவர் மூடிமேல் கை வைக்கப் போவதும், வெள்ளச்சிக்குச் சொன்னது நினைவு வந்து கையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். டக்கென்று சத்தம் வந்தபோது மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். சோறு உதிரி உதிரியாக, வெள்ளையாக இருந்தது. தம்பி மோர் ஊற்றித் தின்றுவிட்டு இன்னும் கேட்டான்.

குக்கரைக் கழுவிச் சுவர்மேல் வைக்கும்போது அப்பா வெறுமனே வைக்கவில்லை. உள்ளே இரண்டு கை பச்சை நிலக்கடலை போட்டு மூடினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் பெரியப்பா காட்டுக்குப் போனதும் குக்கர் சுவர் ஏறி இங்கே வரும். உச்சிக்கு முன்னால் திரும்பிப் போகும். போகும்போது ஒரு நாள் மிளகாய், ஒரு நாள் கத்திரிக்காய், ஒரு நாள் தட்டில் அவித்த சீனிக்கிழங்கு. வெள்ளச்சிக்கு நாள்தோறும் பாடம் நடந்தது. கீழே சோறு வேகும்போதே மேலே தட்டில் முட்டை அவிக்கலாம், டம்ளரில் மாவு ஊற்றி இட்லி சுடலாம் என்றெல்லாம் அந்த ஆடு தெரிந்துகொண்டது. அப்பா கடப்பாறையை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்று கேட்பார். சந்தேகம் இருந்தால் என்னிடம் சத்தமாகக் கேட்பார். "ஏன் தாயி, உளுந்து போட்டுத்தான் அரைக்கணுமோ?" அந்தப் பக்கம் வெள்ளச்சிக்குப் பதில் வந்துவிடும்.

சாடை என்றால் திட்டுவதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதில் இட்லியும் சுடலாம் என்று தெரியாது.

அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சித்தி போனில் சொன்னாள். ஆவியில் வெந்ததாக, மெத்தென்று கொடுக்கச் சொன்னார்களாம். அப்பா கருப்பட்டி வாங்கி வந்தார். முந்தின நாள் காலையிலேயே வெள்ளச்சிக்குக் கொழுக்கட்டைப் பாடம் முடிந்துவிட்டது. மாவை வறுக்க வேண்டும், கருப்பட்டிப் பாகைச் சூடாக ஊற்றிப் பிசைய வேண்டும், கைக்குள் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அன்று இரவு நல்ல மழை. காலையில் எங்கும் கரிசல் மண் களியாகக் கிடந்தது. அப்பா குக்கரில் அரிசியைப் போட்டு, மேல் தட்டில் கொழுக்கட்டைகளை அடுக்கினார். மண்வெட்டி பிடித்த கை பிடித்த கொழுக்கட்டைகள். ஒவ்வொன்றும் என் முழங்கை மூட்டு அளவு, ஒவ்வொன்றிலும் நான்கு விரல் பள்ளம். சுவிட்சைத் தட்டினார். பஸ் அருப்புக்கோட்டை தாண்டிவிட்டது என்று சித்தி போன் செய்தாள். கீழே தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

எங்கேயோ கம்பி அறுந்துவிட்டதாம். கரண்டு சாயங்காலம்தான் வரும் என்றார்கள்.

அப்பா கொல்லைக்கு ஓடினார். மூன்று கல் இருந்தது. விறகு முழுக்க நனைந்திருந்தது. ஊதி ஊதிப் பார்த்தார். புகைதான் வந்தது. நான் ஆட்டுக்கல்மேல் ஏறிச் சுவருக்கு மேலாகப் பார்த்தேன், பெரியம்மாவிடம் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று. அங்கே பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். ஈரக் காட்டில் இறங்க முடியாமல் திரும்பிவிட்டார்போலும். கால் நிறையச் சேறு.

"குக்கரு எங்க?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.

பெரியம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். எனக்கு இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. அவர் சுவரோரம் வந்தார். இந்தப் பக்கம் புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு குந்தியிருந்த அப்பாவைப் பார்த்தார். அருகில் கண்ணாடி மூடிக்குள் பச்சையாக இருந்த கொழுக்கட்டைகளைப் பார்த்தார். பிறகு வேப்ப மரத்துப் பக்கம் திரும்பினார்.

"வெள்ளச்சி, இங்க அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. புள்ளைக்காரி சொகமில்லாம வீடு வந்து சேரப் போறா. வேகாத மாவ வச்சுக்கிட்டு எவனும் முழிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லு."

அப்பா எழுந்தார். என்னைப் பார்த்து, "தாயி, பெரியப்பாகிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தார். குனிந்து தட்டை எடுத்துச் சுவருக்கு மேல் நீட்டினார்.

"இந்தாண்ணே."

"சுடுதா?"

"இல்லண்ணே."

"பிடிச்சுக்கிட்டேன். விடு. சட்டியையும் எடு."

பெரியம்மா தன் உலைப்பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். எங்கள் பாதி வெந்த சோற்றை இன்னொரு பானையில் கொட்டி ஏற்றி, அதன் வாயில் கொழுக்கட்டைத் தட்டைப் பொருத்தி மூடினாள். அடுப்பை ஊதினாள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாமயா இருக்கும்? இம்புட்டு நாளா எஞ் சோத்துல பொகை வாடை அடிக்குதே" என்றார் அவளிடம்.

பெரியப்பாவுக்குப் பெரியம்மாவின் சமையலைக் குறை சொல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியபோது சுவருக்கு மேல் பெரியப்பாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கமாகப் பானையைப் பிடித்திருந்தார்கள். சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பாதியாக மெலிந்திருந்தாள். கட்டிலில் படுக்கவைத்து, அப்பா ஒரு கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அம்மா அதைத் தின்னவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவை உள்ளே தொளதொளவென்று கிடந்தன.

"நீங்களா பிடிச்சீக?"

அப்பா தலையைச் சொரிந்தார். அம்மா சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு முழுவதையும் தின்றாள்.

அந்த நேரம் பெரியம்மா தெருவைச் சுற்றி எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்தாள். எனக்குத் தெரிந்து முதல் தடவை. அம்மா எழப் பார்த்தாள்.

"படு படு. எந்திரிக்காத."

"நல்லா இருக்கீகளாக்கா? புள்ளைகளப் பட்டினி போடாமப் பாத்துக்கிட்டீகன்னு இவுக போனுல சொன்னாக. நான் அங்க படுத்துக்கிட்டு இதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"நான் எங்க பாத்தேன்? ஆட்டுக்குத்தான் நாலு வார்த்த சொன்னேன்" என்றாள் பெரியம்மா. சொல்லிவிட்டு அம்மாவின் காலருகே உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

அம்மா தேறிவிட்டாள். இப்போதும் நன்றாக இருக்கிறாள். வரப்பு யார் பக்கம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. அப்பா இன்றைக்கும் கொழுக்கட்டை பிடித்தால் முதல் தட்டு பெரியம்மாவுக்குத்தான் போகிறது.

திருப்பூர் அண்ணன் ஒருமுறை என் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தக் குக்கரைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை வாங்கிய காலத்திலேயே பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பாம். இனிமேல் அடுப்புப் புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதற்காகவே முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பினாராம். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மழை நாளில் ஆட்டுக்கல்மேல் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியம்மா ஊதுகுழலை வைத்து ஊதுவதும், நடுநடுவே நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும், கண் சிவந்து நீர் வழிவதும் தெரிந்தது. நல்லவேளை, அந்த வீட்டிலாவது அடுப்பு எரிகிறதே என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.