பாலித்தீன் பிரிக்காத சக்கர நாற்காலி

வலது காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். குடும்பம் மொத்தமும் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருக்கிறது. கட்டு நனையக்கூடாது என்று என்னை மட்டும் இலத்தூர் பக்கம் ஒரு தனியார் படகுக் குளத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசல் பலகையில் சக்கர நாற்காலிப் படம். கீழே ‘எல்லோருக்கும் படகுச் சவாரி’. நானும் அந்த எல்லோரில் ஒருவன் என்று நம்பி உள்ளே போகிறேன்.

சரிவுப்பாதை இருக்கிறது. அதன் நட்டநடுவில் யாருடைய பைக்கோ நிற்கிறது. சுற்றிப் போய், ஏழு படி இறங்கி, வியர்த்து விறுவிறுத்துத் துறைக்கு வந்தால், பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத சக்கர நாற்காலி ஒன்று சாரல் படாத மூலையில் சொகுசாக இருக்கிறது.

“அண்ணாச்சி, இதுல கொஞ்சம் உக்காரட்டுமா?”

படகுக்காரர் பதறுகிறார். “ஐயோ, அழுக்காயிரும்லா! மொதலாளி ஏசுவாவ.”

பிறகு என் மாவுக்கட்டைக் கவனிக்கிறார். முகம் மலர்கிறது. உறையைக் கழற்றி, என்னை உட்காரவைத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, படகுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிறார். நன்றி சொல்ல வாயெடுக்கிறேன். அவர் செல்போனை எடுக்கிறார்.

“கட்டு தெரியுத மாதிரி காலை நீட்டுங்க அண்ணாச்சி. நல்லா சிரிங்க. பலகையில நெசமான ஆள் படம் போடணும்னு மொதலாளி ரொம்ப நாளா சொல்லுதாவ.”

சிரித்துத் தொலைக்கிறேன். படம் எடுத்ததும் என்னை எழுப்பி, ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு, ஊன்றுகோல்களைக் கையில் கொடுக்கிறார்.

“படகு?” என்கிறேன்.

“கட்டு பிரிச்ச பொறவு வாங்க அண்ணாச்சி. இந்தக் காலை வச்சிக்கிட்டு எப்படி ஏறுவீய?” என்கிறார், நாற்காலிக்கு மறுபடியும் உறையை மாட்டியபடி.