ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்

‘டோபி காட்’ ரத்த வங்கியில் ரத்தம் கொடுக்கப் போனபோது, என் விரல் நுனியைக் குத்திப் பார்த்த பெண் இன்னொரு விரலையும் கேட்டார். ஹீமோகுளோபின் (உடலெங்கும் பிராணவாயுவைக் கொண்டுசெல்லும் ரத்தப் புரதம்) மிகக் குறைவு, இன்று எடுக்க முடியாது, மருத்துவரைப் பாருங்கள் என்றார்.

நான் மருத்துவமனைத் தாதி. தேக்கா வட்டாரத்தில் ரயில் நிலையப் படியேறும்போது சில வாரங்களாக மூச்சு வாங்கியதை வேலைக் களைப்பு என்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் வார்டில் ரத்தம் கொடுப்பவர்கள் குறைவு. உடம்பைத்தான் வேலைக்குக் கொடுத்தாகிவிட்டதே என்பார்கள். தவறாமல் கொடுத்துவந்த என்னை அதிகம் கேலி செய்தவர் என் சக தாதி பிலோமினா. ரத்த வங்கிக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா என்று சிரித்தார்.

இரும்புச் சத்து மாத்திரை போதும் என்றேன். மனைவி மாலா ஒப்பவில்லை.

“நர்ஸ்னா உங்களுக்கு நீங்களே டாக்டரா? அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன் லா.”

கொலனோஸ்கோபியில் (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்ப்பது) கட்டி தெரிந்தது. புற்றுநோய். கண்ணுக்குத் தெரியாமல் பல மாதங்களாக ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார் மருத்துவர். இதே நிலையில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ரத்தம் வேண்டாமென்று திருப்பி அனுப்பினால், காரணத்தைத் தேடுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள், எங்கள் வார்டிலேயே படுத்திருந்த எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பையைக் கொண்டுவந்தவர் பிலோமினா. இன்னொரு தாதியுடன் பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். ஒவ்வாமை வருகிறதா என்று தொடக்கத்தில் சற்று நேரம் அருகிலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் சொன்னார்.

“எனக்கு ஊசின்னா பயம், சேகர். அடுத்தவங்களுக்குப் போட்டுடுவேன். என் கையில குத்த வந்தா கையை இழுத்துக்குவேன். நர்ஸா இருந்துக்கிட்டு இத வெளிய சொல்ல முடியுமா? அதான் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன்.”

“இப்பவும் பயம்தானா?”

“இப்பவும்தான்.” என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

கட்டி பரவியிருக்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பிலோமினா இதுவரை ரத்தம் கொடுக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் ரத்ததான முகாம் நடக்கும்போது, கொடுக்கப் போகிற தாதிகளின் நோயாளிகளைத் தானே கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்கிறார்.

புற்றுநோய் வந்ததால் இனி நான் ரத்தம் கொடுக்க முடியாது. முன்பு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கொடுப்பேன். இப்போதும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான், நோய் திரும்புகிறதா என்ற ரத்தப் பரிசோதனைக்கு. அதே கை, அதே நரம்பு. பைக்குப் பதில் ஒரு சிறு சோதனைக் குழாய். பஞ்சை அழுத்திக்கொண்டு, போகலாம் என்று அவர்கள் சொன்ன பிறகும், ரத்தம் கொடுத்தபின் ஓய்வெடுத்த பழக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.