புகை ஏறிய நேரம்

என் வேலை தேயிலைத் தோட்டத்து வீடுகளின் அடுப்படியில் சின்னப் பெட்டிகளை மாட்டுவது. சமையல் புகை எவ்வளவு, எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அந்தப் பெட்டி அளந்துகொண்டே இருக்கும். அளந்ததைப் பதுளையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குத் தானாகவே அனுப்பிவிடும். விறகுப் புகையைச் சுவாசிக்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுகிறதா, பாரிசவாதம் அதிகம் வருகிறதா என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி. பசறைப் பக்கத்து லயங்களில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், வீடு வீடாக ஏறி இறங்குவேன். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே ஒன்றை மாட்டினேன். அதைக் கழற்றவே இல்லை.

என் கணவர் ஆட்டோ ஓட்டினார். தோட்டத்தில் யாருக்கு வலி கண்டாலும், யாரைப் பாம்பு கடித்தாலும் அவரைத்தான் எழுப்புவார்கள். மகள் கொழும்பில் வேலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்று மழை விட்டிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்க நான் இருட்டோடு கிளம்பினேன். அவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"நான் போய்ட்டு வாரேன்" என்றேன்.

"ம்" என்றார்.

நான் அடுப்பு மூட்டவில்லை. காலையில் அடுப்பை மூட்டுவது எப்போதும் அவர்தான். எழுந்து தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்.

நான் வேறொரு தோட்டத்தில் ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா.

"புள்ள, ஸ்கூல் புள்ளைங்க எல்லாம் ஆட்டோகிட்ட நிக்கிதுங்க, இவரக் காணோமேன்னு வந்து பாத்தேன். அடுப்படியில விழுந்து கெடக்குறாரு. வாய் ஒரு பக்கமா கோணிப்போச்சு. பேச்சு வரல. எண்ணெ காச்சி கைகாலத் தேச்சுவிட்டுக்கிட்டு இருக்கோம். பயப்படாத."

சுத்தியல் கையிலிருந்து விழுந்தது. "தேய்க்காதீங்கக்கா! வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க! உடனே பசறைக்குத் தூக்கிட்டு வாங்க!" என்று கத்தினேன். அந்த வீட்டுக்காரி பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

பாரிசவாதம் என்றால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது என்று அத்தனை வீடுகளிலும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கு ஒரு நேரம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்திருந்தால், பசறை டவுனில் அவர்களுக்காகக் காத்து நின்ற அந்த நேரத்தையாவது சாமியைக் கும்பிட்டுக் கடத்தியிருப்பேன்.

எங்கள் தோட்டத்துப் பாதையில் மழைக்கு மண் சரிந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாது. அக்காவின் புருஷன் என் கணவரின் ஆட்டோவிலேயே அவரைப் போட்டுச் சரிவு வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார். அங்கிருந்து நாலைந்து ஆண்கள் கம்பளியில் கிடத்திச் சேற்றில் இறங்கித் தூக்கி வந்து, இந்தப் பக்கம் ஒரு மரக்கறி வேனை மறித்து ஏற்றியிருக்கிறார்கள்.

வேன் பசறையில் நின்றதும் ஏறினேன். லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தார். தலைமாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது கண் பாதி மூடியிருந்தது. இடது கண்ணால் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல முயன்றார். எச்சில்தான் வழிந்தது. வலது கையைப் பிடித்தேன். ஈரத்துணி மாதிரி இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பண்டாரவளைக்காரர், முஸ்லிம், வயது குறைந்தவர். ஓடி வந்தார். "ரத்தம் கசியல, அடைப்புதான். ஊசி போடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்து, "எப்ப ஆரம்பிச்சது?" என்றார்.

"ஸ்கூல் நேரத்துலதான் அக்கா போய்ப் பாத்தாங்க" என்றேன்.

"விழுந்து கெடந்ததப் பார்த்த நேரம் வேணாம் அம்மா. கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பார்த்தாங்க, எப்ப பார்த்தாங்க? அதிலேருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்."

"காலையில போய்ட்டு வாரேன்னு சொன்னேன் டாக்டர். பதில் சொன்னாரு."

"என்ன சொன்னார்?"

அக்கா என் முதுகை இடித்தாள். "நல்லாப் பேசினாருன்னு சொல்லு புள்ள" என்று காதுக்குள் சொன்னாள்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அடைப்பு பழையதாக இருந்தால் அதே ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசியும். ஆளே போய்விடலாம்.

"ம்-னு சொன்னாரு" என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூக்கத்திலேயே வந்திருந்தாலும் ம்-னு சொல்லலாமே."

அப்போதுதான் பெட்டி நினைவுக்கு வந்தது. அவர் எழுந்து அடுப்பு மூட்டியிருந்தால் அப்போது நன்றாக இருந்திருக்கிறார் என்று அர்த்தம். ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கும். அக்காவிடம் திரும்பினேன்.

"நீங்க போனப்ப அடுப்பு எரிஞ்சுச்சாக்கா?"

"தணல் இருந்துச்சு. ராத்திரித் தணலா, காலையில மூட்டினதா, அதெல்லாம் நான் பாக்கலியே புள்ள. எண்ணெ காச்ச ஊதிப் பத்தவச்சேன்."

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என்னோடு வேலை செய்யும் பெண் எடுத்தாள். எங்கள் வீட்டுப் பெட்டியைப் பார்க்கச் சொன்னேன். அவள் தேடுகிற நேரம் முழுவதும் போன் ஸ்பீக்கரில் அவள் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. டாக்டரும் நின்றார். அவரை அவசரமாக வேறு பக்கம் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை.

"விடியிற நேரத்துல புகை சட்டுனு ஏறியிருக்கு. அப்புறம் எறங்கி, மறுபடியும் பெருசா ஏறியிருக்கு."

இரண்டாவது, அக்கா எண்ணெய் காய்ச்சிய புகை. முதலாவது அவருடையது! நான் அழுதுகொண்டே சிரித்தேன். "டாக்டர், அவரு எந்திரிச்சு அடுப்பு மூட்டியிருக்காரு!"

டாக்டர் கேட்டார், "உங்க லயத்துல பக்கத்து வீட்டுப் புகை உங்க வீட்டுக்கு வராதா?"

வரும். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த வீட்டில் இருமுவார்கள்.

அக்காவைக் கேட்டேன். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "எப்பவும் போல விடியவேதான் எங்க வீட்லயும் மூட்டுனேன். ஐயோ, நான் இன்னைக்கு மூட்டாம இருந்திருக்கக் கூடாதா."

டாக்டர் வேறு ஊரில் இருந்த பெரிய டாக்டரிடம் போனில் பேசினார். இப்படித் தூங்கி எழும்போது வாதம் வந்தது தெரிகிறவர்களுக்கு, வேறு விதமான படம் எடுத்துப் பாதிப்பு புதியதா பழையதா என்று பார்த்து ஊசி போடலாம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். அதற்கு என் கணவரை அந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எல்லா நேரமும் முடிந்துவிடும்.

நான் டாக்டர் காலைப் பிடித்தேன். "போட்டுருங்க டாக்டர். என்ன ஆனாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

என்னைத் தூக்கி நிறுத்தினார். "உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே அம்மா. தெரியாம போட்டு நான் அவரக் கொன்னுட்டா?"

ஊசி போடவில்லை.

உயிர் தங்கியது. வலது பக்கம் விழுந்தது விழுந்ததுதான். பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. "ஆமா." பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா. கோபம் வந்தால் அதே சொல்லைத்தான் கத்துவார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு எந்திரிச்சு அடுப்ப மூட்டுனீங்களா?"

"ஆமா."

"இல்ல, மூட்டவே இல்லையா?"

"ஆமா" என்றார். கண்ணில் நீர் முட்டியது. நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உண்மையைத்தானே சொன்னாய் என்று மகள் போனில் தேற்றுவாள். அதற்காக எனக்கு ஒரு நாளும் பெருமை வந்ததில்லை. ஊசியால் அவர் செத்திருக்கலாம். எழுந்து ஆட்டோ ஓட்டியும் இருக்கலாம். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டுதான் அரிசி களைகிறேன்.

கைகால் பயிற்சி பற்றிய புதிய ஆராய்ச்சி ஒன்றில் அவரைச் சேர்க்கலாம் என்று அந்த டாக்டர் சொல்லியனுப்பினார். வாரா வாரம் பதுளைக்கு வரவேண்டும். படியிறங்கி, சரிவைத் தாண்டி, பஸ்ஸில் ஏற்றி யார் கொண்டுபோவது? இரண்டு தடவை போனோம். மூன்றாவது தடவை கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று கிடந்தார்.

நேற்று நான் கிணற்றடிக்குப் போயிருந்தபோது தானாக எழப் பார்த்து விழுந்திருக்கிறார். தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. லயத்தில் ஒருவரும் இல்லை, எல்லோரும் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. கடைசியில் நானும் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வரைக்கும் அப்படியே இருந்தோம்.