முதல் குடிசை போட்டவர்

பிளேக்கைக் கொண்டுவந்ததாக ஒரு வண்டிக்காரர் மீது காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்று மூன்று தலைமுறையாகப் பொய்ப் பழி சொல்லிக்கொண்டிருக்கிறது.

1994 அக்டோபர். சூரத்தில் பிளேக் என்ற செய்தியால் திருப்பூர் காதர்பேட்டைப் பனியன் சந்தையே அரண்டு கிடந்தது. பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங் பார்த்த சரஸ்வதியக்கா, "எங்கூர்ல பிளேக்குன்னா எங்க ஊட்டத்தானுங்க சொல்லுவாங்க" என்றார். வண்டிக்காரர் அவருடைய பாட்டனார். அந்த ஊர் பிளேக் மாரியம்மன் கோயில் திருவிழாவில், அவர்கள் பேச்சில் நோம்பியில், எல்லார் பொங்கல் பானையும் கோயில் மதிலுக்கு உள்ளே. இவர்கள் பானை மட்டும் வெளியே.

ஞாயிறு காலை 8.10க்குத் திருப்பூரில் பஸ் ஏறினோம். காங்கேயம் 27 கிலோமீட்டர், நாலரை ரூபாய். அங்கிருந்து மூலனூர் ரோட்டில் டவுன் பஸ். பிளேக் கோயில் என்றதும் கண்டக்டர், "நோய்க்கு அரை டிக்கெட்டுங்களா, முழுசுங்களா?" என்றார்.

"மூணு தலமொற ஆச்சுங்க. முழுசே குடுங்க" என்றார் அக்கா.

இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. நிழலே கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

கோயில் தலைவர் அன்பாகத்தான் பேசினார், மோர் கொடுத்தார். தைப்பூசத்துக்குப் பழனி போய்த் திரும்பிய வண்டியில்தான் நோய் வந்தது, எங்கப்பாரே கண்ணால் பார்த்தார் என்றார். அவர் முதுகுக்குப் பின்னால், மதிலுக்குள்ளே எழுத்து வெட்டிய ஒரு கல். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் கல்லைப் படிக்கும் தூரத்துக்கு அவர் வீட்டில் யாரையும் விட்டதில்லை. அதனால் சத்தமாகப் படித்தேன். எலி செத்து விழுந்ததால் மார்கழியில் ஊர் காலியானது, பங்குனியில் திரும்பியது. அதற்கும் முன்பு, கார்த்திகையிலேயே ஊருக்கு வெளியே காட்டில் முதல் குடிசை போட்டவர் என்று அந்த ஊர்ப் பஞ்சுக் கிடங்கு முதலாளி ஒருவரின் பெயர், பெருமையாக.

அவர் ஏன் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்? எலி முதலில் எங்கே செத்திருக்கும்? பஞ்சுப் பொதிக்குள் எலி அடையும் என்று கம்பெனியில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும்.

வாசலிலிருந்து அக்கா கேட்டார்: "தைக்கு முன்னாடிதானுங்களே மார்கழி?"

தலைவர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். வருஷா வருஷம் அதற்கு மாலை போடுகிறவர் அவர்தான்.

இந்த ஊருக்குப் போகிறவர்கள் கதையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், கல்லையும் படியுங்கள். திரும்ப, மாலை ஐந்தே முக்காலுக்குக் கடைசி பஸ். இந்த நேரத்தை எனக்குச் சொன்னவர் தலைவர்தான். நான் கேட்டதற்கு அவர் தந்த பதிலே அதுதான். நான் கேட்டது இது:

"வர்ற பங்குனி நோம்பிக்கு அக்காவோட பானையை உள்ளே வைக்க விடுங்க."