ஏழாம் எண் போத்தல்

ஏழாம் கிணற்றிலிருந்து நான் ஒருநாளும் தண்ணீர் எடுத்ததில்லை. எடுத்தேன் என்று ஒன்பது வருடம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தனையும் பொய்.

இதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லிவிட்டேன். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு இது சின்ன விஷயமாகத்தான் தெரியும். அதனால் மிச்சத்தையும் கேளுங்கள்.

நான் அதிகம் படிக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், மலாய்ப் பள்ளியில் மூன்று வருடம். அரசாங்க அணு ஆய்வுக்கூடம் ஒன்றில் கடைநிலை ஊழியனாக இருந்தேன். எந்த ஆய்வுக்கூடம் என்று கேட்காதீர்கள். தப்பு அந்த இடத்துடையது இல்லை. என்னுடையது.

அம்பாங் தாண்டி ஒரு பழைய வெள்ளீயச் சுரங்க நிலம். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பேர். அதில் கதிர்வீச்சு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது. யாரோ அந்தக் காலத்தில் அங்கே குழி வெட்டி லோரி லோரியாக அதைப் புதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்யும்போது அதிலிருந்து ஏதாவது இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறதா? அதுதான் ஆராய்ச்சி.

சுற்றிலும் எட்டுக் கிணறுகளைக் குறித்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் வேனை எடுத்துக்கொண்டு தனியாகப் போவேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு போத்தல். அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே போத்தலை மூன்று தரம் அலச வேண்டும். நிரப்பி, அசிட் சில சொட்டு விட்டு, மூடி, எண் ஒட்ட வேண்டும். மீட்டரை முக்கிப் பார்த்துப் பாரத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டர் சுராயா. மலாய்க்காரப் பெண். ஆராய்ச்சி அவருடையது. என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். போத்தலில் என்ன இருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும், எங்கே எடுத்தது என்று மெஷினுக்குத் தெரியாது, அது உங்களுக்குத்தான் தெரியும் என்று முதல் நாளே சொன்னார்.

எனக்குத்தான் தெரியும்... ஆமாம், தெரிந்துதான் செய்தேன்.

முதல் நாள் ஆறு கிணறு முடித்துவிட்டு ஏழாவதைத் தேடிப் போனேன். அது ஒரு கம்பத்துக்குள், சின்னக் குடியிருப்புக்குள் இருந்தது. பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள். நிலத்துக்குப் பத்திரம் இல்லாததால் குழாய்த் தண்ணீர் வரவில்லை. அந்தக் கிணறுதான் அவர்களுக்குக் குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும். கடைசி வீட்டின் பின்புறம் இருந்தது. சந்துமுனையில் வேனை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

முதுகே போதுமாக இருந்தது. என் தங்கை வசந்தி.

அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். மாப்பிள்ளை பார்த்தது நான். பத்திரிகை அடித்துக் கொடுத்தது நான். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது லோரி ஓட்டும் ஒருவரோடு போய்விட்டாள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எந்தெந்த வீட்டில் பத்திரிகை வைத்தேனோ அந்தந்த வீட்டுக்கு மறுபடியும் ஏறினேன். கல்யாணம் இல்லை, வர வேண்டாம் என்று சொன்னேன். லிப்ட் வேலை செய்யவில்லை. ஏழாவது மாடியில் ஓர் அம்மாள், "கட்டிக்கிட்டு வர சேலகூட எடுத்துட்டேனே, இனி யாரு கல்யாணத்துக்குக் கட்டுறது?" என்று கேட்டுச் சிரித்தார். உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சொன்னேன், இனி அவள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று. அதற்குப் பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூட விசாரிக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து, ஆபீஸ் கொடுத்த வரைபடம் என்னை அவள் வீட்டுப் பின்புறத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இறங்கிப் போயிருப்பீர்கள். இல்லையென்றால் ஆபீசில் சொல்லி வேறு ஆளைப் போடச் சொல்லியிருப்பீர்கள். நான் வேனைத் திருப்பினேன். ஆறாம் கிணறு கொஞ்சம் தள்ளி ஒரு சீனர் காய்கறித் தோட்டத்தில் இருந்தது. அங்கே போய் இன்னொரு போத்தல் நிரப்பினேன். ஏழு என்று ஒட்டினேன். பூமிக்கடியில் எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீட்டர் எண்ணை மட்டும் அப்படியே எழுதவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும். கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் மாற்றினேன். என் படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது!

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். பிறகு அது வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. சந்துமுனைக்குக்கூடப் போவதில்லை. ஆறாம் கிணற்றடியிலேயே இரண்டு போத்தலையும் வைத்துவிடுவேன்.

ஏழாம் கிணறு சுத்தம் என்று ஒவ்வொரு தடவையும் அறிக்கை வந்தது. வராமல் என்ன செய்யும்? கம்பத்து மக்கள் குழாய் கேட்டு மனுப் போட்டபோது, உங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று ஆய்வுக்கூடமே சொல்லியிருக்கிறது, பொறுத்திருங்கள் என்று பதில் வந்ததாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒன்பதாம் வருடம் எனக்கு டிங்கிக் காய்ச்சல். கிள்ளான் வீட்டில் இரண்டு வாரம் படுத்துக் கிடந்தேன். எனக்குப் பதிலாகச் சண்முகம் போனான். என் வயதுக்காரன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். வாய் ஓயாமல் கிண்டல் பண்ணுவான். நான் திரும்பி வந்ததும் காண்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"டேய், அந்த ஏழாம் நம்பர் வீட்டுல ஒரு அக்கா இருக்கு. ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளு வந்து இப்பத்தான் மொத தடவ பாக்குறேன்னு சொல்லுது லா. நீ என்னா, பேய் மாதிரி காத்துல போயி தண்ணி மொண்டுகிட்டு வர்றியா?"

நானும் சிரித்தேன். அந்த அக்காவுக்கு ஞாபக மறதி இருக்கும் என்றேன். அவனும் விட்டுவிட்டான்.

பத்து நாள் கழித்து மெஷின் முடிவு வந்தது. சண்முகம் எடுத்த ஏழாம் போத்தலில் ரேடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள், அனுமதித்த அளவுக்கு மேல். நாளைக்கே ஆளை வீழ்த்தும் விஷம் இல்லை அது. குடிக்கக் குடிக்க எலும்பில் போய்ச் சேரும் என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள், ஏழாம் கிணற்றின் ஒன்பது வருட அளவுகளைக் கோடாகப் போட்டது. நேராக, படுக்கைவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே. போத்தலைச் சரியாக அலசினாயா என்று சண்முகத்தைக் கேட்டார். அலசினேன் என்றான். பழைய போத்தலா? புதுசு என்றான். பிறகு என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்.

"அங்கிள், இதெல்லாம் ஏழாம் கிணற்றில் நீங்களே எடுத்ததுதானே?"

சண்முகம் என்னைப் பார்த்தான். அந்த அக்கா சொன்னது அவனுக்கு நினைவு வந்துவிட்டது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்காகக் காத்திருந்தான்.

"ஆமாம் டாக்டர்" என்றேன்.

ஒரு சொல். என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசியவன் இல்லை. பேசிய கொஞ்சத்தில் அது ஒன்று...

டாக்டர் அவசரப்படவில்லை. மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இந்தத் தடவை நீங்கள் போங்கள், உங்கள் கையை நம்புகிறேன் என்றார்.

நான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு ஏழாம் கிணற்றில் எடுக்கத்தான் போனேன். சந்துமுனையில் வேனை நிறுத்திப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கிணற்றடியில் வசந்தி இல்லை. அவள் மகளாகத்தான் இருக்க வேண்டும், ஓர் இளம் பெண் நின்றாள். வயிற்றில் பிள்ளை. வாளியை இழுத்து, கையால் ஒரு வாய் அள்ளிக் குடித்தாள்.

ஓடிப்போய்த் தட்டிவிட வேண்டாமா?

நான் நின்றேன். இந்தப் போத்தலும் அதே முடிவைக் காட்டினால், ஒன்பது வருடத்துக் கோடு ஏன் நேராக இருந்தது என்று கேட்பார்கள். வேலை போகும். ஓய்வூதியம் போகும். போலீஸ் வந்தாலும் வரும். என் புத்தி அதைத்தான் கணக்குப் போட்டது.

திரும்பிப் போய் ஆறாம் கிணற்றில் நிரப்பினேன். மூன்று தரம் அலசினேன். ஏழு என்று ஒட்டினேன்.

முதல் ஒன்பது வருடம் ரோஷம். அதை நீங்கள் மன்னித்தாலும் மன்னிக்கலாம். அந்த ஒருநாள் ரோஷம் இல்லை, பயம். என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு செய்தது அது. அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு சுத்தமாக வந்தது. மேலே இருந்த புள்ளியை டாக்டர் எடுத்துவிட்டார். போத்தலில் அழுக்கு, எடுத்தவரின் கவனக்குறைவு என்று பதிவு செய்தார்கள். அந்தக் கோட்டில் உண்மையான புள்ளி அது ஒன்றுதான். அதைத்தான் அழித்தார்கள். ஏழாம் கிணற்றைத் தொடர்ந்து பார்க்கத் தேவையில்லை என்று பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். இனி அங்கே யாரும் போத்தலோடு போகப் போவதில்லை.

சண்முகத்தை வெளிவேலையிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஒருநாள் நானே அவனைத் தேடிப் போனேன். அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"ஒன் பேர நான் சொல்லல. ஒனக்காக இல்ல. நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்."

இன்னொரு பெட்டியை வைத்துவிட்டு, "அந்த ஏழாம் நம்பர் வீட்டுப் பொண்ணு மாசமா இருக்கு. தெரியும்தானே?" என்றான்.

தெரியும் என்றேன். அவன் பெட்டி அடுக்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அந்த அக்கா என் தங்கை என்பது அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசார் சந்தையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வசந்தி வீட்டுக்குப் போனேன். இருபத்து நான்கு வருடம் கழித்து. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் கதவைத் திறந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"எளச்சுப் போயிட்டியேண்ணே" என்றாள்.

அவள் கணவர் வெளியூருக்கு லோரி எடுத்துப் போயிருந்தார். மகள் வந்து மாமா என்று கூப்பிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம் மாட்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் குடிக்க நல்லது என்று எங்கள் ஆய்வுக்கூடம் கொடுத்தது. நீயும் இந்த ஆபீஸ்லதானே இருக்கே, யாரோ சொன்னாங்க என்று வசந்தி பெருமையாகக் காட்டினாள்.

வசந்தி, ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன். பழைய கதையைத்தான் எடுக்கப் போகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லாதண்ணே. தப்பு என்னோடது. நீ வந்துட்டே, அது போதும். சாப்புடு."

தப்பு அவளுடையதாம்!

சாப்பிட்டேன். அவள் ஊற்றிக் கொடுத்த தண்ணீரையும் குடித்தேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடாது. ஒரு டம்ளர் குடித்தவன் நான், ஆயுசுக்கும் குடிப்பவர்கள் அவர்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னேன்.

"இந்தத் தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க."

"ஏண்ணே? லெட்டர்ல நல்லதுன்னு போட்டிருக்கே."

"எதுக்கும்."

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ... கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ரேடியம் போகாது. தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், அது அப்படியே தங்கி இன்னும் கெட்டியாகும். ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த மாணவர்களுக்கு டாக்டர் இதை விளக்கியபோது, அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டபடி பக்கத்தில்தான் நின்றேன். தெரிந்துதான் சொன்னேன். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு அந்த வாசலைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இப்போது ஓய்வு பெற்றுக் கிள்ளானில் இருக்கிறேன். டாக்டர் சுராயாவின் எண் என் போனில் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் போதும். சில நாள் எடுத்துப் பார்ப்பேன். மணி அடிக்கும் முன்பே நிறுத்திவிடுவேன். இதை எழுதுகிறேனே, இதுகூட அவருக்கு எழுதவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வசந்தியின் மகளுக்கு ஆண் பிள்ளை. ஆறு மாதம் ஆகிறது. தாயும் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள். வசந்தி வாரம் ஒருமுறை போன் செய்வாள். போன வாரம் பேசும்போது சொன்னாள்.

"நீ சொன்னதுலேர்ந்து கொதிக்க வைக்காம யாரும் குடிக்கிறதில்லண்ணே. இப்ப பிள்ளைக்குப் பால் கலக்கிறோம்ல, அதுக்கு மட்டும் ரெண்டு தரம் கொதிக்க வைக்கிறேன்."

"சரிம்மா" என்றேன்.